முகாமில் பிள்ளை... ஆற்றில் வெள்ளம்! பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மழை வரும்போல இருந்தால் மொட்டை மாடிக்கு ஓடிக் கொடித் துணியை எடுக்கிறோம். வடாம் தட்டை உள்ளே கொண்டுவந்து வைக்கிறோம். அதே மழை, வீட்டைவிட்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, ஆற்றங்கரை முகாமில் தூங்கிக்கொண்டிருக்கும் நம் பிள்ளையின் தலைக்கு மேலே பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன செய்வோம்? போனை எடுத்துக்கொண்டு அழுவோம். அதைத் தவிர வேறு வழியே இல்லையா? உண்டு. ஆனால் அதையெல்லாம் மழைக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

'சம்மர் கேம்ப்' என்பது அமெரிக்கக் குழந்தைகளுக்கு நம் ஊர்த் 'தாத்தா வீட்டு லீவு' மாதிரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீண்ட விடுமுறை. ஒரு வாரம், இரண்டு வாரம், சில இடங்களில் ஒரு மாதம்கூடக் குழந்தைகள் முகாமிலேயே தங்குவார்கள். நீச்சல், படகு, குதிரை சவாரி, இரவில் கேம்ப் ஃபயர் என்று பொழுது போகும். பல முகாம்களில் செல்போனுக்கு அனுமதி கிடையாது. டெக்சஸ் பக்கம் மகனோ மகளோ வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே இப்போது ஏராளம். 'பேத்தி கேம்ப்புக்குப் போயிருக்கா' என்று பெருமையோடு சொல்லும் பாட்டிமார்களும் ஏராளம். அதனால்தான் இது 'யாரோ வெள்ளைக்காரர் சமாசாரம்' இல்லை. நம் வீட்டு சமாசாரமும்தான்.

அன்றைக்கு நடந்தது என்ன?

2025 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். டெக்சஸ் மாநிலத்தில் 'ஹில் கன்ட்ரி' எனப்படும் குன்றுப் பகுதி. அங்கே கெர் மாவட்டத்தில் ஓடுகிறது குவாடலூப் ஆறு. கரையோரம் வரிசையாகக் குழந்தைகள் முகாம்கள், விடுதிகள், வண்டி வீடுகளை நிறுத்தும் மைதானங்கள். விடுமுறைக் கூட்டம் வேறு.

விடியற்காலை இருட்டில், சுமார் 45 நிமிடத்தில், ஆறு 26 அடி உயர்ந்தது. இரண்டு மாடி வீட்டின் உயரம்! 'தண்ணீர் ஏறுகிறதா?' என்று பார்த்துவிட்டு, 'சரி, காபி குடித்துவிட்டுக் கிளம்புவோம்' என்று சொல்லக்கூட அவகாசம் இல்லை. மாநிலம் முழுவதிலும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கெர் மாவட்டத்தில். ஹன்ட் என்ற ஊருக்கு அருகே 1926-ல் தொடங்கப்பட்ட 'கேம்ப் மிஸ்டிக்' என்ற பெண் குழந்தைகள் முகாமில் மட்டும் சிறுமிகளும் இளம் பொறுப்பாளர்களுமாக 27 பேர் பலியானார்கள். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள்கூட அதில் உண்டு.

ஆறு எப்படி இவ்வளவு வேகமாக ஏறும்?

நம் காவிரியில் வெள்ளம் வந்தால் மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் போடுவார்கள். தண்ணீர் கீழே வந்து சேர நேரம் ஆகும். ஹில் கன்ட்ரியில் கதையே வேறு.

அங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மேலே மெல்லிய மண் போர்வை. பெய்த மழையை உறிஞ்ச ஆளில்லை. மொட்டை மாடி சிமென்ட் தளத்தில் நாலு குடம் தண்ணீரைக் கொட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் குழாய் வழியாகக் 'குபுகுபு'வென்று இறங்குமே, அதே கதைதான். சரிவான குன்றுகளிலிருந்து எல்லா ஓடைகளும் ஒரே சமயத்தில் குறுகிய ஆற்றில் வந்து விழுகின்றன. போதாக்குறைக்கு, மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று இங்கேதான் குன்றுகளில் மோதி மேலே ஏறுகிறது. இந்த வட்டாரத்துக்கு 'திடீர் வெள்ளச் சந்து' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். மழை உங்கள் தலைக்கு மேல்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை. மேற்கே சில மைல் தள்ளிப் பெய்தால் போதும், உங்கள் இடத்தில் நட்சத்திரம் தெரியும்போதே தண்ணீர் வந்து நிற்கும். குற்றாலத்தில் திடீரென்று அருவி சீறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஒரே ஆறு, மூன்று பாடங்கள்

முதல் பாடம் 1987-ல் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலை 17-ம் தேதி, இதே ஆற்றில், கம்ஃபர்ட் என்ற ஊருக்கு அருகே வெள்ளம். ஒரு முகாமிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸிலும் வேனிலும் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். வழியில் தாழ்வான சாலையில் வெள்ளம் வண்டிகளைப் பிடித்துக்கொண்டது. சிக்கியவர்கள் 43 பேர். 33 பேரை மீட்டார்கள். 10 பிள்ளைகள் இறந்தார்கள். 'கிளம்பினால் மட்டும் போதாது. சரியான நேரத்தில், சரியான வழியில் கிளம்ப வேண்டும்' என்பது அந்தப் பாடம். தண்ணீர் சாலைக்கு வந்துவிட்டால், வண்டியைவிடப் பக்கத்துக் குன்றே பத்திரம்.

இரண்டாவது பாடம், 2025-ல் அதே ஆற்றங்கரையில் இருக்கும் 'மோ ரான்ச்' முகாம். இரவு ஒரு மணி சுமாருக்கு, அங்கே பராமரிப்பு வேலையைக் கவனிப்பவர் ஆறு ஏறுவதைப் பார்த்தார். 'காலையில் சொல்லிக்கொள்ளலாம்' என்று படுக்கவில்லை. உடனே மேலதிகாரிக்குச் சொன்னார். ஆற்றோரக் கட்டடத்தில் இருந்த சுமார் 70 பேரை மேட்டுக்கு மாற்றினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காப்பாற்றியது பெரிய கருவி எதுவுமில்லை. ஒரு மனிதர் விழித்திருந்தார், அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான்!

மூன்றாவது பாடம், அதே கம்ஃபர்ட் ஊர். 1987-ஐ மறக்காத ஊர். அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படை வைத்திருந்த சைரன் அலறியது. ஜனங்கள் மேட்டுக்குப் போனார்கள். 2025 வெள்ளத்தில் அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

'கவனம்' வேறு, 'எச்சரிக்கை' வேறு!

அமெரிக்க வானிலைத் துறையின் அறிவிப்பில் மூன்று படிகள் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு இதைப் போனில் கேட்டுப் பாருங்கள், அங்கேயே இருப்பவர்களுக்கும் பாதிப் பேருக்குத்தான் தெரிந்திருக்கும்.

'வாட்ச்' என்றால், வெள்ளம் வர வாய்ப்பிருக்கிறது, தயாராக இருங்கள் என்று அர்த்தம். 2025-ல் இது ஜூலை 3 பிற்பகலிலேயே வந்துவிட்டது.

'வார்னிங்' என்றால், வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்தேவிட்டது, இப்போதே நகருங்கள் என்று அர்த்தம். இது கெர் மாவட்டத்துக்கு ஜூலை 4 நள்ளிரவு 1.14-க்கு வந்தது.

'எமர்ஜென்சி' என்றால், உயிருக்கே ஆபத்து. இது விடியற்காலை 4 மணி சுமாருக்கு வந்தது.

நேரங்களைக் கவனித்தீர்களா? பிற்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையே பத்து மணி நேரத்துக்கு மேல். ஆனால் இரண்டாவது, மூன்றாவது அறிவிப்புகள் வந்தது ஊரே தூங்கும் நேரம். போனைத் 'சைலன்ட்'டில் போட்டுவிட்டுத் தூங்கினால் எந்த அறிவிப்பும் பிரயோஜனம் இல்லை. சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்குகளும் உண்டு. ஆகவே பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று முகாமிலும் வீட்டிலும் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் அதுவே கூவி எழுப்பும்.

நம் ஊரில் இதே வேலையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் செய்கின்றன. ஆரஞ்சு வந்தால் தயாராக வேண்டும். சிவப்பு வந்தால் செயல்பட வேண்டும்.

முகாமுக்கு அனுப்புமுன் கேளுங்கள்

ஃபீஸ் எவ்வளவு, சாப்பாடு சைவம் கிடைக்குமா என்றெல்லாம் விவரமாகக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே இந்தக் கேள்விகளையும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நல்ல முகாமாக இருந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்' என்று மழுப்பினால் யோசியுங்கள்.

1. பிள்ளை தூங்கும் கேபின் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம்? அதைவிட முக்கியம், எவ்வளவு உயரம்?

2. அது வெள்ளம் பரவும் தாழ்நிலத்துக்குள் வருகிறதா? அமெரிக்காவில் இதற்கென்று அரசாங்க வரைபடமே உண்டு. முகவரியைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

3. இரவில் யார் விழித்திருப்பார்கள்? அவரிடம் வானிலை ரேடியோ இருக்கிறதா?

4. மின்சாரமும் போனும் போய்விட்டால் எல்லாக் கேபின்களுக்கும் எப்படிச் செய்தி சொல்வார்கள்? மணியா, சைரனா, ஒலிபெருக்கியா?

5. எந்த மேட்டுக்குப் போக வேண்டும்? அங்கே நடந்தே போகலாமா, தரைப்பாலத்தைத் தாண்ட வேண்டுமா?

6. பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்க்கிறார்களா? முகாமின் முதல் நாளே பார்க்கிறார்களா?

7. தலை எண்ணும் பட்டியல் யாரிடம் இருக்கும்?

8. ஆஸ்துமா, அலர்ஜி, வலிப்பு, சர்க்கரை உள்ள பிள்ளைகளின் மருந்து எங்கே இருக்கும்? அவசரத்தில் யார் எடுத்து வருவார்கள்?

9. பெற்றோருக்கு எப்படித் தகவல் வரும்? பிள்ளையை எந்த இடத்தில், யாரிடம் ஒப்படைப்பார்கள்?

இந்தச் சோகத்துக்குப் பிறகு டெக்சஸ் அரசு சும்மா இருக்கவில்லை. 2025 செப்டம்பரில் புதிய முகாம் பாதுகாப்புச் சட்டங்களில் ஆளுநர் கையெழுத்திட்டார். வெள்ளத் தாழ்நிலத்தில் பிள்ளைகள் தங்கும் கேபின்களுக்குத் தடை, எழுத்துமூலமான அவசரத் திட்டம், ஊழியர்களுக்குப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். பிள்ளைகளை இழந்த பெற்றோர்களே சட்டசபைக்குப் போய்ப் பேசி வாங்கிய சட்டம் அது. ஆனாலும் சட்டம் புத்தகத்தில் இருக்கும், பிள்ளை கேபினில் இருக்கும். கேள்வி கேட்க வேண்டியது நாம்தான்.

நம் ஊரிலும் பள்ளியிலிருந்து ஆற்றோரம், அருவிக்கரை, மலையடிவாரம் என்று அழைத்துப் போகிறார்கள். கேள்விகள் அதேதான்.

பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பயமுறுத்தாதீர்கள். விளையாட்டு மாதிரி சொல்லிக் கொடுங்கள். 'தண்ணி வந்தா மேலே ஏறு' என்ற ஒரே வாக்கியம் போதும். பெட்டி, பொம்மை, ஷூ எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது. பொறுப்பாளர் அக்கா சொன்னால் உடனே எழுந்து போக வேண்டும். கைகோத்துக்கொண்டு போக வேண்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச், கழுத்தில் மாட்டும் விசில், கால் நுழைத்தால் போதும் என்கிற மாதிரி ஒரு ஜோடி செருப்பு. இந்த மூன்றும் எப்போதும் இருக்கட்டும். இருட்டில் குழந்தையின் குரல் வெள்ளச் சத்தத்தில் கேட்காது. விசில் கேட்கும்.

அன்று மிஸ்டிக் முகாமில், மெக்சிகோவிலிருந்து வந்து வேலை பார்த்த இரண்டு இளம் பொறுப்பாளர் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் பொறுப்பில் இருந்த சிறுமிகளின் தோலில் அவரவர் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டார்கள். என்ன நடந்தாலும் இந்தக் குழந்தை யார் என்று தெரிய வேண்டும் என்று. படிக்கும்போதே நெஞ்சை அடைக்கிறது, இல்லையா? ஆனால் அந்த நேரத்தில் அவ்வளவு நிதானம் வேண்டும். பெயர், பெற்றோர் போன் நம்பர், ரத்த வகை, அலர்ஜி எல்லாம் நனையாத அட்டையில் எழுதிப் பிள்ளையின் பையில் போட்டு வையுங்கள். போன் நம்பரை மனப்பாடமும் செய்ய வையுங்கள்.

கார் இருந்தால் தப்பிக்கலாமா?

இதுதான் ரொம்பப் பேர் செய்யும் தப்பு. அமெரிக்காவில் வெள்ளத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல், வண்டியைத் தண்ணீருக்குள் ஓட்டியவர்கள்!

சீறி ஓடும் தண்ணீர் 6 அங்குலம், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேல் இருந்தாலே, பெரியவர்களைத் தள்ளிவிடும். ஓர் அடி இருந்தால் சின்னக் கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும். அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியவும் தெரியாது. 'திரும்பிப் போ, மூழ்கிப் போகாதே' என்பது அங்கே வானிலைத் துறையின் கோஷம். குறிப்பாக இரவில், குறிப்பாகத் தரைப்பாலத்தில், இதை மறக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்ற பதற்றத்தில் பெற்றோரே வெள்ளத்துக்குள் காரை விட்டால், மீட்புப் படைக்கு இரண்டு வேலை.

தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால்...

குதிக்காதீர்கள்! நீச்சல் தெரிந்தவர்களும் குதிக்கக் கூடாது. நீளமான கம்பு, கயிறு, வேட்டி, துப்பட்டா எதையாவது நீட்டுங்கள். மூடிய காலிக் குடம், காலி கேன், ஐஸ்பெட்டி எதையாவது வீசுங்கள். பிடித்துக்கொண்டு மிதக்கட்டும்.

வெளியே எடுத்தாகிவிட்டது. அடுத்து? 'தலைகீழாகப் பிடி, வயிற்றை அமுக்கு, தண்ணி வெளியே வரட்டும்' என்று நாலு பேர் சொல்வார்கள். கூடவே கூடாது! நேரம் வீணாகும். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு.

மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்து நினைவில்லை என்றால், பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சே இல்லை என்றால், கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடிக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். மார்பு எழும்ப வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்துங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பிறகு மறுபடி இரண்டு மூச்சு. உதவி வரும்வரை விடாதீர்கள். அமெரிக்காவில் 911, நம் ஊரில் 108.

ஈரத் துணியைக் கழற்றி, துடைத்து, கம்பளியில் சுற்றுங்கள். கோடையாக இருந்தாலும் வெகுநேரம் நீரில் இருந்த குழந்தையின் உடல் சூடு இறங்கிவிடும். 'கண் முழிச்சுட்டான், பேசறான், இனி பயமில்லை' என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலாம். ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

எல்லா எச்சரிக்கையும் போனில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவதைவிடப் பெரிய சைரன் கிடையாது.

உங்கள் தெருவில், உங்கள் அபார்ட்மென்ட்டில், யாரால் தானாக நகர முடியாது என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், காது கேளாதவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள். டெக்சஸில் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா. மகனும் மருமகளும் வேலைக்குப் போன நேரத்தில், போனில் கீச்சென்று வரும் ஆங்கில அறிவிப்பு அவர்களுக்கு எப்படிப் புரியும்? அந்தச் சத்தம் எதற்கு, அது வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், பக்கத்து வீட்டு நம்பர் எது என்று ஃப்ரிட்ஜ் மேலே தமிழில் எழுதி ஒட்டட்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு உதவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கெர் மாவட்டத்துக்கு உதவ எல்லைக்கு அப்பால் மெக்சிகோவிலிருந்துகூடத் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். அதே சமயம், தடை செய்த பகுதியில் யாரோ பறக்கவிட்ட தனியார் ட்ரோன் மோதி, தேடுதல் வேலையில் இருந்த ஹெலிகாப்டர் ஒன்று அவசரமாகத் தரையிறங்க வேண்டியதாயிற்று. உதவி உபத்திரவமாகக் கூடாது. எங்கே பெயர் கொடுக்கச் சொல்கிறார்களோ அங்கே கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்வதே உதவி.

மூட்டை மூட்டையாகப் பழைய துணி அனுப்புவதைவிட, 'என்ன வேணும்?' என்று கேட்டு அனுப்புங்கள். சூடான சாப்பாடு, சுத்தமான குடிநீர், நாப்கின், குழந்தைக்கு டயபர், ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, துணி துவைத்துக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப் போவது, இன்ஷூரன்ஸ் காகிதம் நிரப்ப உதவுவது. இவைதான் நிஜமான தேவை. இன்னொன்று: அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் பொதுவாக வெள்ளச் சேதம் சேராது. தனியாக எடுக்க வேண்டும். அரசாங்கத் திட்டத்தில் எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். மேகம் கறுத்த பிறகு எடுத்துப் பயனில்லை.

தண்ணீர் வடிந்தது. நோய்?

வெள்ளநீர் வெறும் மழைநீர் அல்ல. சாக்கடை, பெட்ரோல், செத்த பிராணி, உடைந்த கண்ணாடி எல்லாம் கலந்த நீர். வீட்டைச் சுத்தம் செய்யப் போகுமுன் கவனிக்க வேண்டியவை இவை.

மின்சாரம்: மெயின் அணைத்திருப்பது உறுதியானபின் உள்ளே போங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஜெனரேட்டர்: வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, கார் ஷெட்டிலோ ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள்.

காயம்: சின்னக் கீறலானாலும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள்.

எலிக்காய்ச்சல்: எலி, நாய், மாடு இவற்றின் சிறுநீர் கலந்த நீர், தோலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போவதால் வருவது. வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை தெரிந்தால், 'வெள்ளத்தில் நின்றேன்' என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வைத்தியத்தைச் சுருக்கிவிடும். நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

குடிநீர்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பவுடர். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

மருந்து, சாப்பாடு: வெள்ளநீர் பட்ட மாத்திரை, பிரித்த பாக்கெட் எல்லாம் குப்பைக்கு. 'சீல் போட்டிருக்கே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இன்சுலின் பயன்படுத்துபவர்கள், ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் எத்தனை நாள் வைக்கலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

பாம்பு, எறும்பு: இரண்டுக்குமே வெள்ளம் என்றால் மேடு வேண்டும். அது உங்கள் அலமாரியாகவும் இருக்கலாம். டெக்சஸில் நெருப்பெறும்புகள் பந்தாகத் திரண்டு தண்ணீரில் மிதந்தே வரும்.

பூஞ்சை: நனைந்த மெத்தை, கம்பளத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ள குழந்தையை அந்த வீட்டுக்குள் விடாதீர்கள்.

மனசுக்கும் வைத்தியம் வேண்டும்

உடம்பில் கீறல்கூட இல்லாமல் திரும்பிய பிள்ளை, பத்து நாள் கழித்துப் படுக்கையை நனைக்கலாம். மழைச் சத்தம் கேட்டாலே அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம். குளிக்கப் பயப்படலாம். காரணமில்லாமல் கோபப்படலாம். திட்டாதீர்கள். 'இவ்வளவு பெரிய பையன்...' என்று ஒப்பிடாதீர்கள். கூடப் படுத்திருந்த தோழி திரும்பவில்லை என்றால், அந்தக் குழந்தை 'நான் மட்டும் ஏன் பிழைச்சேன்?' என்றுகூட நினைக்கும்.

அது பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் தோண்டாதீர்கள். வரைய விடுங்கள். டி.வி.யில் அதே வெள்ளக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு நேரங்களைப் பழையபடி கொண்டுவாருங்கள். உண்மையைச் சின்னச் சொற்களில் சொல்லுங்கள். 'தோழி தூங்கறா' என்று சொன்னால், அப்புறம் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, பள்ளிக்குப் போக மறுப்பு நீடித்தால் மனநல டாக்டரிடம் போங்கள். அதில் வெட்கமென்ன? நம் நாட்டில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம். அமெரிக்காவில் 988.

பிள்ளைகளை முகாமுக்கே அனுப்பக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆறு வேண்டும், மரம் வேண்டும், தோழர்கள் வேண்டும். ஆற்றைப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு ஆற்றின் குணமும் தெரியாது. அனுப்புங்கள். அனுப்புமுன் அந்த ஒன்பது கேள்விகளைக் கேளுங்கள். இன்று ராத்திரி மகளிடம் போனில் பேசும்போது, 'உன் பக்கத்து வீட்டில் யார் இருக்காங்க? அவங்க நம்பர் உங்கிட்டே இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.